மூன்றாம் சரணம்

அவளுக்கு முன்னால் ஒரு பாட்டைப் பாடிக் காட்டுவது வினையை விலைக்கு வாங்குவதுதான். ராகம் எப்படி, குரல் எப்படி என்றெல்லாம் அவள் பார்க்கமாட்டாள். முடியும்வரை தலையைக் குனிந்து கேட்டிருப்பாள். முடிந்ததும், "உள்ளதா?" என்பாள். பாட்டில் சொன்னது நடந்த காரியமா என்று அர்த்தம். இல்லை என்று தெரிந்தால் அந்தப் பாட்டை அதற்குமேல் அவள் சட்டை செய்யமாட்டாள்.

சபைக் கூடத்தில் சனிக்கிழமை மதியம் இசை வகுப்பு தொடங்கிய முதல் வாரமே இதைப் பார்த்தேன். நான் குளத்தூரில் தையல்கடை வைத்திருப்பவள். வீட்டுக்கு ஒருவராவது வகுப்புக்கு வரவேண்டும் என்று பெண்கள் சங்கத்தில் பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால் போனேன். மற்றபடி எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். மாஸ்டர் கீபோர்டை வைத்துக்கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். பனி கொட்டுகிறது என்று அதில் ஓர் அடி வந்தது. பின்வரிசையிலிருந்து அவள் கை உயர்ந்தது.

"மாஸ்டரே, மஞ்ஞு பெய்யுதுன்னு பாடுதோம். உள்ளதா? நம்ம பாறசாலையில எப்பம் பெஞ்சுது?"

"அது வெளிநாட்டுப் பாட்டாக்கும் அம்மா. மொழிமாத்தி எடுத்தது."

"அப்பம் அவிய பாடட்டு. நமக்கு அந்த நேரத்துல ரப்பர்ல இலையாக்கும் விழுது. அதை எழுதினா என்ன?"

எல்லோரும் சிரித்தோம். மாஸ்டரும் சிரித்தார். அவர் கூட்டுறவு வங்கியில் கிளார்க். எங்கள் பாடகர் குழுவைப் பல வருடமாக நடத்துகிறவர். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பாட்டு என்றால் உயிர், சண்டை என்றால் காய்ச்சல்.

அவளுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். தொண்டையில் ஆபரேஷன் செய்ததில் குரல் போய்விட்டது. பேசினால் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல இருக்கும். அதனால் பாடகர் குழுவில் அவளை யாரும் சேர்த்ததில்லை, அவளும் கேட்டதில்லை. பாடவே முடியாத பெண் நோட்டேஷன் படிக்க வந்திருக்கிறாளே என்று முதலில் எல்லோருக்கும் வேடிக்கைதான். எனக்கும்தான்.

மாஸ்டர் கற்றுக்கொடுத்தது ஸோல்ஃபா முறை. டோ, ரே, மி என்பவற்றின் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் வரிசையாக எழுதி, இடையில் புள்ளியும் நிமிர்ந்த கோடும் போட்டுத் தாளத்தைக் காட்டுவார்கள். படுத்த கோடு வந்தால் முந்தின சுரத்தை நீட்ட வேண்டும். ஒன்றுமே எழுதாமல் இடம் விட்டிருந்தால் அந்த நேரத்துக்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. எனக்கு டோவும் ரேயும் ஒன்றுபோலவே கேட்டன. சில வாரங்களில் பின்வாசல் வழியாக நழுவிவிட்டேன்.

அவள் நழுவவில்லை. தொழிலுறப்பு என்கிற நூறுநாள் வேலைக்கு ஓடை வெட்டப் போகிற இடத்திலும் அவளுக்கு அதுதான் நினைப்பு. மண்வெட்டியைத் தூக்கும்போது டோ, போடும்போது மி, மண்ணை அள்ளி எறியும்போது ஸோ. கூட வேலை செய்கிற பெண்களைக் கையைத் தட்டித் தாளம் பிடிக்கச் சொல்வாள். "இவளுக்கு மகன் செத்ததுல கிறுக்கு பிடிச்சிட்டுது" என்று அவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். தட்டத்தான் தட்டினார்கள். வேலை சுணங்காமல் நடந்ததாம்.

மகன் செத்த வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் இவள் ஏன் இந்தப் பாடு பட்டாள் என்பது விளங்கும்.

எங்கள் சபையில் இறந்தவருக்கென்று ஒரு தனிப்பாட்டு எழுதுகிற வழக்கம் உண்டு. அவர் பெயர், வீடு, பிள்ளைகள், செய்த நன்மைகள் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி, நோட்டேஷனோடு படி எடுத்து, பெட்டியை மூடுவதற்கு முன்னால் பாடகர் குழு நின்று பாடும். காலையில் சாவு என்றால் மதியத்துக்குள் பாட்டு வேண்டும். மாஸ்டரும் மனிதர்தானே. முந்தின சாவுக்கு எழுதிய பாட்டை எடுத்துப் பெயரையும் வீட்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவார். எங்களுக்கெல்லாம் இது தெரியும். சாவு வீட்டில் போய் யார் அதைச் சொல்லிக்காட்டுவது?

அவளுடைய மகனுக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அதற்கு முந்தின சாவு ஆரியங்கோட்டில் ஒரு பெரியவருடையது. அவசரத்தில் மாஸ்டர் முதல் இரண்டு சரணத்தை மாற்றியவர் மூன்றாவதை மறந்துவிட்டார். 'நான்கு பெண்மக்கள் நடுங்கி அழ, மருமக்கள் மார்பில் அடித்து விழ' என்று பாடகர் குழு நான்கு குரலில் ஒரு பிசிறு இல்லாமல் பாடியது. யாரும் நிறுத்தவில்லை. கையில் இருந்த தாளில் அப்படித்தான் இருந்தது. அழுதுகொண்டிருந்த எனக்கே பாதியில்தான் உறைத்தது. பெட்டியின் தலைமாட்டில் கிடந்தவள் மெல்லத் தலையைத் தூக்கி, சுற்றி நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

வகுப்பில் ஏன் சேர்ந்தாய் அக்கா என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"எழுதி வச்சதைப் பாடுவினும் மக்கா. கல்யாணம் கெட்டாத்த பயலுக்கு நாலு பெண்மக்கள்னு எழுதி வச்சாலும் பாடுவினும். அப்பம் உள்ளதை எழுதி வச்சா அதையும் பாடணும்லா?"

அன்று அவள் கடைக்கு வந்தது மகனின் சட்டைகளை அப்பாவின் அளவுக்குச் சிறிதாக்கித் தைத்து வாங்குவதற்கு. பையன் நல்ல உயரம், அகலமான தோள். அப்பா ஒடிசலான ஆள். நான் தையலைப் பிரிக்கப் பிரிக்க, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவள் சொன்னாள்.

ஊருக்குத் தெரிந்த கதை வேறு. பையன் ஒற்றசேகரமங்கலம் போகிற வழியில் ஒரு குவாரியில் வேலை செய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாளில், குடித்துவிட்டுத் தன்னிஷ்டத்துக்கு உள்ளே போனான், பாறை சரிந்து அடியில் மாட்டிக்கொண்டான். இதுதான் போலீஸ் ஸ்டேஷனில் எழுதப்பட்ட கதை. முதலாளி சொன்னார், ஊர் கேட்டுக்கொண்டது. பையனின் அப்பாவே அதில் கையெழுத்துப் போட்டார். அவர் அதே குவாரியில் காவல்காரர். முதலாளி எங்கள் சபைக் கமிட்டியில் பெரிய ஆள். பாடகர் குழுவின் கீபோர்டு அவர் வாங்கிக்கொடுத்தது.

"காலையில போன் வந்துது மக்கா" என்றாள். "சனியாச்ச வச்ச வெடியில ஒரு குழி பொட்டல்ல, திங்களாச்ச சோலி தொடங்கணும், வந்து பாருன்னு முதலாளிக்க சத்தம். எனக்கு நல்லா கேட்டுது. அவன் அசந்து ஒறங்கிட்டு கெடந்தான். நானாக்கும் தட்டி எழுப்பினது. எலே, முதலாளி விளிக்காரு, போயிட்டு நேரா கோயிலுக்கு வந்திருன்னு நானாக்கும் அயச்சது. சாய குடிச்சான். வேற ஒண்ணும் குடிக்கல்ல."

"அண்ணன் வீட்டுல இல்லியா?" என்று அவள் புருஷனைப் பற்றிக் கேட்டேன்.

"பக்கத்துல பாயில கெடந்தாரு. போன் வந்ததைக் கேட்டாரா இல்லியான்னு இண்ணுவரை வாயைத் தெறந்து பறஞ்சதில்ல."

நான் அடுத்த தையலைப் பிரித்தேன். விதி என்று சொல்லியிருந்தால் என்னைக் கத்திரிக்கோலால் குத்தியிருப்பாள்.

வகுப்பில் பாட்டு எழுதச் சொல்லிக்கொடுக்கிற கட்டம் வந்தபோது அவளுக்கும் மாஸ்டருக்கும் நடந்ததை வேறு பெண்கள் சொல்லித்தான் கேட்டேன். துக்கத்தை நேராக எழுதக்கூடாது என்றாராம் மாஸ்டர். பூ வாடிவிட்டது, விளக்கு அணைந்துவிட்டது, கிளி பறந்துவிட்டது, இப்படித்தான் எழுத வேண்டும், அப்போதுதான் கேட்கிறவர்களுக்கு இதமாக இருக்கும்.

"பூ வாடல்ல மாஸ்டரே" என்றாளாம் அவள். "பாறையாக்கும் விழுந்துது."

கிழிந்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதுவாள். ராகத்தைத் தானே பாடிப் பார்க்க முடியாது. எழுத்துகளை வரிசையாக எழுதிக்கொண்டு பாடகர் குழுவில் இருக்கிற ஒரு பெண்ணிடம் போவாள். அந்தப் பெண் படித்துப் பாட, இவள் கண்ணை மூடிக் கேட்பாள். "இது அழுவுத மாதிரி இருக்கு, நான் அழுவல்ல, சொல்லுகேன்" என்று சொல்லி இரண்டு சுரத்தை அழிப்பாள். மறுநாள் வேறு எழுதிக்கொண்டு வருவாள். மழைக்காலம் முழுக்க இதே கதை. வீட்டில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ, காலண்டர் தாள் நிறைந்தது.

முடிந்ததும் எனக்குத்தான் முதலில் கொண்டுவந்தாள். மொத்தம் நான்கு சரணம். முதல் சரணத்தில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் மழையோடு மழையாக அவன் பிறந்தது. இரண்டாவதில் அப்பாவைவிட உயரமாக வளர்ந்து நின்றது. மூன்றாவது இது:

ஞாயிறு காலை போன் வந்தது,
நான்தான் தட்டி எழுப்பிவிட்டேன்.
வெடிக்காத குழியைப் பார் என்றார்,
வெறும் தேநீர் குடித்துப் போனான்.

படித்ததும் கடை வாசலை ஒருமுறை பார்த்தேன். "அக்கா, இதை மாஸ்டர் பாடவிடுவாரா?" என்றேன்.

"அதென்ன அப்படிக் கேக்குத? நோட்டேஷன் சரியாட்டு இருந்தா பாடாம என்ன செய்வாரு?"

அவள் அதை நம்பினாள். தான் படிக்காததுதான் குறை, படித்து முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் வழி அடைபடாது என்று முழுமனதாக நம்பினாள். மகனுடைய ஆண்டு நினைவு ஜெபத்தில் அதைப் பாட வேண்டும் என்று மாஸ்டரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். ராகம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, நானே நான்கு குரலுக்கும் பிரித்து எழுதித் தருகிறேன் என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பழுத்த வாழைக்குலை ஒன்றை வெட்டிச் சுமந்துகொண்டு போய் அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். ஒத்திகைக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு மட்டும், அன்றைக்கே கேட்டால்தான் நல்லா இருக்கும் என்று தட்டிவிட்டாராம்.

தைத்து மாதக்கணக்காகக் கடையிலேயே கிடந்த சட்டைகளை வாங்க அவள் புருஷன்தான் வந்தார். காசைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"பிள்ளே, நீ அவளுக்க கிட்ட ஒண்ணு பறயணும். பாட்டு எழுதட்டு, வேண்டாம்னு நான் சொல்லல்ல. அந்த ஞாயிறாச்ச காரியம் மட்டும் வேண்டாம். எனக்க சோலி போவும்."

"அண்ணே, போன் வந்துதா இல்லியா?"

அவர் சட்டைப் பொதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

ஆண்டு நினைவுக்கு அவர்கள் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊரே வந்திருந்தது. ஒரு பக்கம் சோறும் மீன்குழம்பும் கிழங்கும் தயாராகிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் முதலாளி, பக்கத்தில் போதகர். அவள் புருஷன் மகனின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தூணோடு ஒட்டி நின்றார். பாட்டுத் தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். நான் வாங்கிப் பார்த்தேன். முதல் சரணம், இரண்டாம் சரணம், நான்காம் சரணம். மூன்றாவதுக்கு உள்ள இடத்தில் வெறும் சுர எழுத்துகள், கீழே 'ஹம்மிங், வாய் மூடி' என்று ஒரு குறிப்பு. எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. தாளோடு நேராகக் கீபோர்டு பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"மாஸ்டரே, இதென்னது?"

"ஒரு எஃபெக்டாக்கும் அம்மா. வார்த்தையைவிட இதாக்கும் மனசுல தைக்குது. வந்தவங்க கண்ணு நெறயும், பாருங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சுரம் மாத்தினீரா?"

"ஒரு சுரம் மாத்தல்ல. நீங்க எழுதினது அப்படியே உண்டு."

அவள் தாளை இரண்டாக மடித்தாள். வந்து உட்கார்ந்தாள். எனக்கு மாஸ்டரின் கன்னத்தில் ஒன்று விட வேண்டும்போல இருந்தது. முதலாளி சொல்லித்தான் செய்தாரா, முதலாளி சொல்வதற்கு முன்னால் தானாகவே செய்தாரா என்று இன்றுவரை தெரியாது. தானாகச் செய்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பாட்டு தொடங்கியது. மழையில் பிறந்த பிள்ளை வந்தான், அப்பாவைவிட வளர்ந்து நின்றான். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பிறகு குழு வாயை மூடிக்கொண்டு மூன்றாம் சரணத்தை நான்கு குரலில் முனகத் தொடங்கியது. அழகாக இருந்தது. அழகாக இருந்தது என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். முதலாளியே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

அவள் எழுந்து நின்றாள். பாடவில்லை, அவளால் பாட முடியாது. அந்தத் தகரக் குரலில் சொன்னாள். "ஞாயிறு காலை போன் வந்தது." எந்த அடியில் எந்தச் சொல் விழ வேண்டுமோ அந்த அடியில் அந்தச் சொல்லை வைத்தாள். "நான்தான் தட்டி எழுப்பிவிட்டேன்." பாடகர் குழுவில் எல்லோருடைய கண்ணும் அவள்மேல். யாரும் நிறுத்தவில்லை. தாளில் இருப்பதை முடிக்காமல் நிறுத்த அவர்களுக்குத் தெரியாது. மாஸ்டரின் விரல்களும் கீபோர்டில் ஓடிக்கொண்டே இருந்தன. "வெடிக்காத குழியைப் பார் என்றார்." முதலாளியின் கைக்குட்டை மடியில் கிடந்தது. "வெறும் தேநீர் குடித்துப் போனான்."

கடைசிச் சொல்லுக்குப் பிறகு நீட்டுவதற்காக அவளே போட்டிருந்த கோடு ஒன்று உண்டு. அவள் நீட்டவில்லை. சொல்லிவிட்டு நின்றாள். குழு மட்டும் கடைசி வரை நீட்டி முனகி முடித்தது.

நான்காம் சரணத்தை யார் பாடினார்கள், எத்தனை பேர் பாடினார்கள் என்று தெரியவில்லை. போதகர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். முதலாளி எழுந்து எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காருக்குப் போனார். கார் வளைவு திரும்பியதும் ஊர் எழுந்தது. ஒருத்திக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஒருத்திக்குப் பசு கறக்க வேண்டும், ஒருவருக்குத் தலைவலி. அந்த முற்றத்தில் கையை நனைத்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும் அல்லவா? அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், முகத்தையும் பார்க்காமல், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். அவள் சொன்னது பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. பொய் என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை, அவள் பதில் சொல்லியிருப்பாள்.

பந்தலில் காலி நாற்காலிகளும் மூடி திறக்காத சோற்று வார்ப்புப் பாத்திரமும் நாங்கள் மூன்று பேரும்தான். அவள் வாழையிலை மூன்றைக் கழுவிப் போட்டாள்.

"இரி மக்கா. வேவிச்சது கெட்டுப்போவும்."

உட்கார்ந்தேன். அவள் சோற்றைப் பிசைந்து நன்றாகச் சாப்பிட்டாள். இன்னொரு கை சோறு போட்டுக்கொண்டாள். அவன் போனபிறகு அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அவள் புருஷன் இலைக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகனின் சட்டையை நான் சிறிதாக்கியும் தோளில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் குழம்பு ஊற்ற எழுந்து வந்தபோது, இலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"போன் வந்தது எனக்கும் கேட்டுது. நான் முழிச்சிட்டுதான் கெடந்தேன்."

அவள் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். காலி நாற்காலிகளை ஒருமுறை பார்த்தாள்.

"எல்லாரும் போன பொறவு பறயுதியளே" என்றாள். பிறகு அவர் இலையில் குழம்பை ஊற்றினாள்.